ஊரிலிருந்து வந்த மருந்து

உம்மு ஹபீபாவின் வீட்டுக்கு யார் போனாலும் விஷயத்தை முதலில் சொல்வது மூக்குதான். தொண்டி பஜாருக்குப் பின்னால், கடலுக்குப் போகிற சந்தில், பச்சைப் பெயிண்ட் அடித்த வீடு. போன வருஷம் வரைக்கும் அந்த வாசலைத் தாண்டினால் மீனாணம், அதாவது மீன் குழம்பு, மணக்கும். வெள்ளிக்கிழமை என்றால் அத்தரும் சேர்ந்து மணக்கும். இப்போது நாட்டு மருந்துக் கடைக்காரன் தன் சரக்கையெல்லாம் இங்கே கொட்டிவிட்டுப் போனமாதிரி ஒரு வாடை. நடு ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டு வல்லாரை உலர்த்தியிருப்பாள். அடுப்பில் நீர்ப்பிரமிச் சாறு நெய்யோடு சேர்ந்து முறுகிக்கொண்டிருக்கும். பக்கத்து அடுப்பில் அமுக்கராக் கிழங்கு பாலில் வேகும். மஞ்சளும் மிளகும் இடித்த உலக்கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் சுவரில் சாத்தி வைத்திருப்பாள்.

இத்தனையும் ஒரே ஒரு மனுஷனுக்கு. அவள் புருஷன் தாஹாவுக்கு. வாலிபத்தையெல்லாம் சவூதியில் தண்ணி லாரி ஓட்டியே கழித்துவிட்டு, தாடி வெளுத்தபிறகு ஊரோடு வந்து சேர்ந்தவர். வந்து உட்கார்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் மறதி வந்துவிட்டது. முதலில் செருப்பை மறந்தார். பிறகு பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியை மறந்தார். கடைசியில் உம்மு ஹபீபாவை மறந்தார்.

ஊரில் யாருக்குத்தான் வைத்தியம் தெரியாது? பார்க்க வந்தவள் ஒவ்வொருத்தியும் ஒரு மூலிகையைச் சொல்லாமல் படி இறங்கவில்லை. ஒருத்தி வசம்பு என்றாள். ஒருத்தி சாதிக்காய் என்றாள். இன்னொருத்தி செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, இந்த லேகியத்தைச் சாப்பிட்ட கிழவர் தன் ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் பேரைக்கூடச் சொல்கிறார் பார் என்றாள். வாத்தியார் பேர் யாருக்கு வேண்டும்? மகன் அஃப்ரித் தன் பங்குக்குக் கத்தாரிலிருந்து பாதாமும் குங்குமப்பூவும் அனுப்பினான். அவன் வருவதற்குத்தான் லீவு கிடைக்கவில்லை.

உம்மு ஹபீபாவுக்கு வேண்டியது ரொம்பப் பெரிய காரியமில்லை. தாஹா மறுபடி லாரி ஓட்ட வேண்டாம். கணக்கு வழக்குப் பார்க்க வேண்டாம். தன் முகத்தைப் பார்த்து 'அபீபா' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அதற்குத்தான் இத்தனை இடியும் இத்தனை காய்ச்சலும்.

கருஞ்சீரகத்தின் மேல் அவளுக்குத் தனி நம்பிக்கை. மௌத்தை, அதாவது சாவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதில் மருந்திருக்கிறது என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்த லெப்பை சொன்னது காதிலேயே நின்றது. மச்சான் மௌத்தாகவில்லை. எதிரில்தான் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அப்புறம் ஏன் கேட்காது?

கார்த்திகை மழை ஓய்ந்து வாடைக்காற்று ஆரம்பித்திருந்த ஒரு காலையில், திருவாடானைப் பக்கத்திலிருந்து கீரைக்கூடையோடு பஸ்ஸில் வருகிற இராமலட்சுமி வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, வீட்ட ஆசுபத்திரியா மாத்திட்டியா? சந்து முக்குலயே மணக்குது."

"மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன். கூடைய எறக்கு. போன வாட்டி பூராவும் முத்தலாக் குடுத்துட்டுப் போயிட்ட."

"முத்தலா? எங்க கம்மாக்கரையில தண்ணி வடிஞ்ச எடத்துல மொளச்ச வல்லாரக்கா இது. அரப்பரிச்ச வருதுன்னு டீச்சருமாரு எல்லாம் நான் பஸ்ஸ விட்டு எறங்கும்போதே பிடிச்சுக்கிடுறாக. ஒனக்குன்னு முந்தானிக்குள்ள ஒளிச்சுல்ல கொண்டாந்தேன்."

"ஏன்டி லெச்சுமி, பிள்ளைகளுக்கு இதத் தின்னா நெசமாவே ஞாபகம் நிக்குதா?"

"எம் மக சத்யப்பிரியாவுக்கும்தான் அரச்சு அரச்சுக் குடுத்தேன். கணக்குல பெயிலு. ஆனா வயசுக்கு வந்தப்ப நான் கொலுசு வாங்கித் தாரேன்னு சொன்னத மட்டும் மறக்க மாட்டேங்குறா." இராமலட்சுமி சிரித்தாள். உம்மு ஹபீபா சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலை இறக்கினாள். "அண்ணன் பேசுறாகளா?"

"பேசுறாக."

"பெறகென்ன?"

"எங்கிட்ட இல்ல."

இராமலட்சுமி கூடையின் அடியிலிருந்து இன்னும் ஒரு கை அள்ளிக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனாள்.

அந்த வல்லாரையை மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, வாடைக்காற்றில் ஈரம் ஏறிவிடாமல் இரும்புச் சட்டியில் ஒரு சூடு காட்டி, கருஞ்சீரகம் கூட்டி இடித்து, பேரீச்சம்பழத்தில் பிசைந்து உருண்டை பிடித்தாள். கடற்காற்றுக்குப் பொடி என்று ஒன்றை வைத்தால் விடியும்போது களியாகிவிடும். அதனால் உருண்டைதான் தோது. ஒரு தட்டில் வைத்து, கட்டிலுக்குக் கொண்டுபோனாள்.

"மச்சான், இதச் சாப்புடுங்க."

தாஹா அவளைப் பார்க்கவில்லை. காலை இழுத்து மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். கைலியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார்.

"ஏம்மா, நீ யாரு? இங்கன எப்படி வந்த?"

"நாந்தான் மச்சான், அபீபா."

"அபீபா ஊர்ல இருக்கா." பதிலில் சந்தேகமே இல்லை. "நல்ல வீட்டுப் பிள்ளையாத் தெரியுற. தயவு செஞ்சு வெளிய போயிரும்மா. ரூம்புல பொம்பள நிக்கிறத முதீர் பாத்தா இகாமாவக் கிழிச்சு பிளேன்ல ஏத்திவிட்ருவாரு. நான் பிள்ளகுட்டிக்காரன்."

முதீர் என்பது அவருடைய சவூதி மேனேஜர். இகாமா என்பது அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கு வைத்திருக்க வேண்டிய அட்டை. அது போனால் பிழைப்பு போச்சு. தாஹா தொண்டியில் கட்டின சொந்த வீட்டில், மகள் வாங்கிப் போட்ட கட்டிலில் உட்கார்ந்திருந்தாலும், அவர் கணக்கில் அது ஜுபைலில் லாரிக்காரர்கள் தங்கின ரூம். யோசித்துப் பார்த்தால் அவர்மேல் குற்றமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த ரூமில்தானே வாழ்ந்தார்? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். பெட்டியைப் பிரிக்கும், விருந்து சாப்பிடும், பெட்டியைக் கட்டும், போய்விடும் ஒரு மனுஷன். மறக்காமல் வைத்துக்கொள்ள ஊர் அவருக்கு எத்தனை நாளைக் கொடுத்தது? அவர் மறந்தது கொஞ்சம்தான். உம்மு ஹபீபாவுக்கு அந்தக் கொஞ்சம்தான் எல்லாமாக இருந்தது.

ராமநாதபுரத்து டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கீரையாக, சமையலில் சேர்க்கிற சாமானாகக் கொடுப்பதில் தப்பில்லை. என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும். ஆனால் இது வயசானால் வருகிற சாதாரண மறதி இல்லை. போனது திரும்பாது. இருக்கிறதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம். உம்மு ஹபீபா இதில் 'தப்பில்லை' என்பதை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

உருண்டையைத்தான் அவர் தொட மறுத்தார். வாயில் வைத்தால் துப்பினார். தெரியாத பொம்பளை கையால் கசப்பாக எதையோ கொடுத்தால் யார்தான் சாப்பிடுவார்கள்? ஒரு நாள் துப்பிவிட்டு அவரே வழியும் சொன்னார்.

"வீட்டுல இருந்து வந்தா சாப்புடுவேன். அபீபா பார்சல் குடுத்து விடுவா. அது வரட்டும்."

பார்சல்!

சவூதிக்குப் போகிறவன் வீடு சும்மா இருக்க முடியாது. லீவு முடிந்து ஒருத்தன் கிளம்புகிறான் என்று தெரிந்தால் சுற்றுவட்டாரத்தில் அங்கே ஆள் இருக்கிற வீட்டிலிருந்தெல்லாம் பார்சல் வந்து குவியும். மாசிக் கருவாட்டுத்தூள், நார்த்தங்காய் ஊறுகாய், இடித்த மல்லி, பிள்ளை வரைந்த படம். அட்டைப் பெட்டியைப் பழுப்பு டேப்பால் வரிந்து சுற்றி, தடித்த மார்க்கரில் பேரெழுதிக் கொடுக்க வேண்டும். போய் இறங்கினவன் களைப்பாறுவதற்கு முன்னால் ரூம் ரூமாகப் போய்க் கொடுப்பான். வாங்கினவன் அதைத் தனியாகப் பிரிக்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் பிரித்து எல்லோருக்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டும். உம்மு ஹபீபா அப்படி எத்தனை பெட்டி கட்டியிருப்பாள் என்பது அவள் விரல் நகத்தில் ஒட்டிய டேப்புக்குத்தான் தெரியும்.

அடுத்த தெருவில் வாக்கப்பட்டிருக்கும் மகள் மர்ஜானாவுக்கு யோசனை பிடிக்கவில்லை.

"இது என்ன உம்மா வெளையாட்டு? வாப்பாவ ஏமாத்துறது மாதிரி இருக்கு."

"மருந்து உள்ள போகணும்ல? உள்ள போயிருச்சுன்னா தன்னால நெனப்பு வந்துரும். வந்துட்டா யாரு ஏமாந்தது?"

"வரலன்னா?"

"நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. கனியக் கூப்புடு."

கனி எதிர் வீட்டுக்காரன். சவூதியில் தம்மாமில் வேலை, லீவில் வந்திருந்தான். தாஹா அவனை மட்டும் ரூம்காரன் என்று நினைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் அவன்தான். அவன் பேண்ட் சட்டை போட்டு, தோளில் பை மாட்டி, கையில் பெட்டியோடு வாசல் வழியாக வந்தான். பெட்டிமேல் 'தாஹா, ஜுபைல்' என்று உம்மு ஹபீபாவே எழுதியிருந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஊர்ல இருந்து வாரேன். வீட்டுல குடுத்து விட்டாக."

தாஹா எழுந்து நின்றார். முகம் அப்படியே மலர்ந்துபோனது. பெட்டியைத் தடவினார். பேரை விரலால் தொட்டுப் படித்தார். பல்லால் டேப்பைக் கடித்துப் பிரித்தார். உள்ளே உருண்டைகளும், இலையில் மடித்த வறுத்த பாதாமும், கொஞ்சம் மாசித்தூளும் இருந்தன. ஓர் உருண்டையை முகர்ந்து பார்த்து வாயில் போட்டுக்கொண்டார். துப்பவில்லை. கனிக்கு ஒன்று கொடுத்தார். பிறகு கதவோரம் நின்ற உம்மு ஹபீபாவின் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டினார்.

"நீயும் எடுத்துக்கம்மா. எம் பொண்டாட்டி அனுப்புனது."

அவள் வாங்கி வாயில் போட்டாள். மறதிக்கென்று தன் கையால் இடித்த மருந்து. அவளுக்குத்தான் ஒன்றுகூட மறக்கவில்லையே.

அதோடு விட்டதா? பார்சல் வந்தால் வந்துவிட்டது என்று ஊருக்குப் போன் போட வேண்டும். அதுவும் வழக்கம்தான். மருந்து உள்ளே போக வழி யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

"கனி, போன் போடுடா. கெடச்சிருச்சுன்னு சொல்லலன்னா அவ சாப்புடாமக் கெடப்பா."

கனி உம்மு ஹபீபாவைப் பார்த்தான். அவள் மர்ஜானாவின் கையிலிருந்த செல்போனைப் பறித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அந்த வயதில், அந்த முழங்கால் வலியோடு ஓடினாள். கிணற்றடிக்குப் போவதற்குள் போன் அடித்தது.

"அபீபா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏபுள்ள, கேக்குதா? லைன் சரியில்லையா?"

"கேக்குது மச்சான்."

"பார்சல் வந்துருச்சு. என்னத்தப் போட்டுச் செஞ்ச? லேசாக் கசக்குது."

"வல்லாரையும் கருஞ்சீரகமும். ஒங்க ஒடம்புக்குத்தான்."

"எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். நீ ஒழுங்காச் சாப்புடு. பிள்ள மர்ஜானா ஓதப் போறாளா? அடி வாங்கி அழுதுச்சுன்னு எழுதியிருந்தியே."

பிள்ளை மர்ஜானா தன் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிட்டு வந்து, கிணற்றுச் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"போறா மச்சான். இப்ப அழுகுறதில்ல."

போனை வைத்த பிறகு உம்மு ஹபீபா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அல்லாவிடம் எந்தப் பேரைக் கேட்டு மன்றாடினாளோ, அந்தப் பேர் அந்த வாயிலிருந்தே வந்துவிட்டது. காதுக்குத்தான் வந்தது, முகத்துக்கு வரவில்லை. வந்தவரைக்கும் லாபம் என்று அன்றைக்கு நினைத்தாள்.

அப்புறம் அது தினப்படி ஆனது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் தாஹா போனைக் கேட்பார். அவள் கிணற்றடிக்குப் போவாள். மழை பெய்தால் குடையோடு போவாள். தோளில் காய்ந்த துணியைப் போட்டபடி, அடுப்பில் ஆணம் கொதிக்க, அவள் மச்சானோடு பேசினாள். கல்யாணமான புதிதில் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று வெட்கத்தோடு பேசினதைவிட நிறையப் பேசினாள். கடலில் காரல் மீன் நிறையப் படுகிறது என்றாள். காரங்காட்டில் படகுச் சவாரிக்கு வெளியூர்க்காரர்கள் கார் காராக வருகிறார்கள் என்றாள். அவர் 'நான் வந்ததும் போவோம்' என்றார். உருண்டை தீரத்தீர புதுப் பெட்டி வந்தது. தாஹா ஒழுங்காகச் சாப்பிட்டார். உடம்புகூடத் தேறியது.

ஞாபகமும் தேறத்தான் செய்தது. ரூம்காரர்களின் பேர், எந்த லாரிக்கு எந்த கியர் இழுக்காது, எந்தப் பெட்ரோல் பங்கில் டீ நன்றாக இருக்கும், எல்லாம் துலக்கிவைத்த பாத்திரமாக வெளியே வந்தது. ஊர்தான் வரவில்லை. உம்மு ஹபீபா ஒரு நாள் துணிந்து, பேசிக்கொண்டே போனோடு ஹாலுக்குள் வந்து அவர் முன்னால் நின்றாள். குரலையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும் என்று நினைத்தாள். தாஹா போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். போன் கையிலிருந்து விழுந்தது. "யாரோ அபீபா கொரல்ல பேசுறா, யா அல்லாஹ்" என்று சுவரோடு ஒண்டிக்கொண்டு, இருட்டும் வரைக்கும் பேய் அண்டாமலிருக்கக் குர்ஆனிலிருந்து ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவள் அந்த வேலைக்குப் போகவில்லை.

கனிக்கு லீவு முடிந்தது. அவன் கிளம்பினபோது தாஹா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அபீபாவுக்குக் கொடுக்கும்படி தன் பனியன் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார். அவன் அதை அழுதுகொண்டே வாங்கி, எதிரில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. முன்பு தாஹாவுக்கு இந்தப் பொம்பளை யார் என்பதில் ஒரு குழப்பமாவது இருந்தது. குழம்பின நேரங்களில் அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணியாவது வாங்கிக் குடிப்பார். இப்போது குழப்பம் இல்லை. அபீபா ஊரில் இருக்கிறாள், தினமும் பேசுகிறாள், மருந்து அனுப்புகிறாள். அப்படியானால் இவள் அந்நியப் பெண். அந்நியப் பெண் கைபடலாமா? சட்டையைக் கழற்ற விடவில்லை. சோற்றைத் தொடவில்லை. அவள் ஹாலுக்குள் வந்தால் அவர் கொல்லைக்குப் போனார். கொல்லைக்கு வந்தால் ஹாலுக்குப் போனார். மர்ஜானாவும் அவருக்கு அந்நியப் பெண்தான், அவர் மகள் இன்னும் ஓதப் போகிற சின்னப் பிள்ளை. கூலிக்கு ஓர் ஆண் ஆளைத் தேடினார்கள். வந்தவன் ஒரே நாளில் அவர் கடித்துவிட்டார் என்று போய்விட்டான்.

ஒரு மத்தியானம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினவளை உள்ளே விடவில்லை. ஈரத்தரையில் கிடந்தபடியே கதவைக் காலால் அழுத்திக்கொண்டார். கைலி நழுவிக் கிடந்தது.

"வராதம்மா. ஒனக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு அங்க ஒருத்தி இருக்கா."

கதவுக்கு இந்தப்பக்கம் நின்று உம்மு ஹபீபா நெற்றியால் கதவை முட்டினாள். அவள் புருஷன் அவளுக்காகவே அவளைத் தடுத்துக்கொண்டிருந்தார். பஜாரிலிருந்து ஆம்பளைகள் வந்து தூக்கிக் கட்டிலில் போடுகிறவரைக்கும் அவர் அந்த ஈரத்தில் கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ராத்திரிக்குள் காய்ச்சல் கண்டுவிட்டது.

காய்ச்சலிலும் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டியது. மாத்திரை தட்டிலேயே கிடந்தது. உள்ளே தண்ணியாவது போகவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டு ட்யூப் வழியாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். மர்ஜானாவுக்கு ஆற்றாமை கோபமாக வந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டீங்களா? ஊர்ல வந்து கெடந்த மனுசன நீங்கதான உம்மா திரும்பச் சவூதிக்குச் சபர் அனுப்பி வச்சீங்க?"

பெட்டி கட்டி, டேப் சுற்றி, பேரெழுதி, தான் இங்கே இல்லை என்று அவரிடம் சத்தியம் செய்து கொடுத்ததே உம்மு ஹபீபாதான். அவர் தன்னை அறிய வேண்டும் என்று கொடுத்த மருந்தெல்லாம், தான் இல்லாத ஊருக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. மகள் கத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

அஸருக்குப் பிறகு, காய்ச்சலோடு தாஹா போனைக் கேட்டார். மர்ஜானா நம்பரைப் போட்டு, அவரைத் தொடாமல் தலைமாட்டில் வைத்துவிட்டு விலகி நின்றாள். உம்மு ஹபீபா கிணற்றடியில் எடுத்தாள்.

"அபீபா." குரல் இறங்கிக் கிடந்தது. "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா நெனைக்காத."

"சொல்லுங்க மச்சான்."

"இங்கன ரூம்புல ஒரு பொம்பள இருக்கா. எந்நேரமும் இங்கனயேதான் கெடக்கா. நான் ஏறிட்டும் பாக்கல, அல்லா மேல ஆணை. சோத்தக் கொண்டாறா, நான் தொடல. நாளைக்கு லீவுல வர்ற எவனாச்சும் ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு சொன்னா நம்பிறாத."

"நம்ப மாட்டேன்."

"நம்ப மாட்டியே?"

"எம் மச்சானப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மறுமுனையில் அவர் மூச்சு இரைத்தது. நாக்கு உலர்ந்த சத்தம் கேட்டது. உம்மு ஹபீபா கிணற்றுக்குள் பார்த்தாள், தண்ணீர் மேலே வந்து கிடந்தது. ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் அந்த மனுஷன் தனக்காகக் காய்ந்துகொண்டிருக்கிறார். தொடுவதற்கு உரிமை உள்ளவள் என்றால் அவர் கணக்கில் யார்? உம்மா. மகள். கூடப் பிறந்தவள். அதை விட்டால் பால்குடி உறவு. ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள், எந்த வீட்டில் பிறந்திருந்தாலும், அண்ணன் தங்கைதான். தொட்டால் தோஷமில்லை. ஆனால் அந்த உறவைச் சொல்லிவிட்டால் ஆயுளுக்கும் அவர்கள் புருஷன் பெண்டாட்டி ஆக முடியாது. சிரிப்புக்குக்கூட யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

"மச்சான், அந்தப் பொம்பளைய நாந்தான் அனுப்புனேன்."

"நீயா?"

"ஆமா. ஒங்களுக்குச் சமச்சுப் போட, மருந்து குடுக்க. முதீர்ட்டயும் கேட்டாச்சு. இகாமா எல்லாம் இருக்கு."

"அந்நியப் பொம்பளைய..."

"அந்நியம் இல்ல." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஒங்க உம்மாட்டப் பால் குடிச்ச பிள்ள. ஒங்களுக்குத் தங்கச்சி. நீங்க சின்னப் பிள்ள அப்ப, ஞாபகம் இருக்காது."

தாஹா யோசித்தார். அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு மனசு கேட்டது. ஆம் என்று சொல்ல வேண்டுமே என்று இன்னொரு மனசு பதறியது.

"இருக்கும் இருக்கும்" என்றார் தாஹா. "உம்மா எந்தப் பிள்ள அழுதாலும் தூக்கிக்கிடுவாக. அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அந்தப் பிள்ளைய நான் வெரட்டிக்கிட்டே இருந்தேன். பாவம்."

"இனிமே வெரட்டாதீங்க. அவ குடுக்குறதச் சாப்புடுங்க."

"நீ சொன்னாச் சரி."

போனை மர்ஜானா வாங்கி வைத்தாள். உம்மு ஹபீபா அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லா என்று மூன்று முறை சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பச்சரிசியும் பாலும் குழையக் காய்ச்சி, உருண்டையில் ஒரு துண்டைக் கரைத்து ஊற்றினாள். அது இனி என்ன செய்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊற்றினாள். பழகின கை.

கிண்ணத்தோடு அவள் ஹாலுக்குள் நுழைந்தபோது தாஹா திரும்பிக்கொள்ளவில்லை. கைலியை இழுத்துவிடவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனை காலமாக ஏங்கின பார்வை. அதில் பிரியம்கூட இருந்தது.

"வா தங்கச்சி, உக்காரு."

அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சான் என்று சொல்லியே பழகிய வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"கஞ்சி குடிங்க, காக்கா."

கதவோரம் நின்ற மர்ஜானா அதைக் கேட்க மாட்டாமல் வெளியே போய்விட்டாள்.

உம்மு ஹபீபா கட்டிலில் உட்கார்ந்து, அவர் தலையை மடியில் தாங்கி, கரண்டியால் கொடுத்தாள். குடித்தார். மாத்திரையை விழுங்கினார். தாடியில் வழிந்ததை அவள் முந்தானையால் துடைத்தாள். உடம்பு கொதித்தது. அந்த உடம்பைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. மடியில் கிடந்தபடியே தாஹா அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒனக்கு மாப்ள இருக்காரா?"

"இருக்காக."

"எங்க இருக்காரு?"

"சபர்ல இருக்காக."

"நம்மள மாதிரிதானா?" தாஹா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ரொம்ப வருசமாச்சா போயி?"

"ரொம்ப வருசம்."

"வாரேன்னு சொல்லியிருக்காரா?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாஹா தன் காய்ச்சல் கையை எடுத்து, ஓர் அண்ணன் வைப்பதுபோல, அவள் தலையில் வைத்தார்.

"வந்துருவாரு தங்கச்சி. அழுகாத. பொண்டாட்டிய விட்டுட்டு எவனும் அங்கயே இருந்துற மாட்டான்."

சொல்லிவிட்டு அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.